பேஸ் வாசிக்கத் தொடங்குகிறீர்களா? கடையிலிருந்து மேடை வரை

கோலாலம்பூரில் ஒரு தமிழ் இசைக்குழு ஆரம்பிக்கிறார்கள் என்றால் பாட நாலு பேர் வருவார்கள், கீபோர்டுக்கு இரண்டு பேர் வருவார்கள், தாளத்துக்குக் கேட்கவே வேண்டாம், உறுமி மேளம் அடித்து வளர்ந்த பையன்கள் ஒவ்வொரு தாமான் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். பேஸ் கிட்டாருக்கு, அதாவது அடிச்சுரம் வாசிக்கும் கிட்டாருக்கு மட்டும் ஆள் தேடி அலைவார்கள். அதனால் நாலு தந்தியை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்தவருக்கு மேடை சீக்கிரம் கிடைத்துவிடும். அதுவரைக்கும் கை நோகாமல், காசு வீணாகாமல் எப்படிப் போவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். புதிதாக வருகிறவர்களுக்கு வலி பெரும்பாலும் விரல் பலவீனத்தால் வருவதில்லை. செட்டப் செய்யாத, அதாவது கழுத்தும் தந்தி உயரமும் சரிப்படுத்தாத கருவியாலும், ஆம்பை (ஒலியைப் பெருக்கும் பெட்டியை) குறைத்து வைத்துக்கொண்டு விரலால் ஓங்கி இழுப்பதாலும் வருகிறது. அப்புறம், பேஸில் ஒரு சுரத்தைத் தொடங்குவது சுலபம், நிறுத்துவதுதான் வேலை.

எதை வாங்குவது

நாலு தந்தி போதும். தடித்ததிலிருந்து மெல்லியது வரை, மேற்கத்தியச் சுரப் பெயரில் இ, ஏ, டி, ஜி. அடியில் இருக்கும் இ 41.2 ஹெர்ட்ஸ். ஐந்து தந்திக் கருவியில் அதற்கும் கீழே ஒரு பி, 31 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். இப்போது வரும் சினிமாப் பாட்டுகளில் அவ்வளவு அடிக்குப் போகிறார்கள்தான், ஆனால் ஆரம்பிக்கிறவருக்கு அந்த ஐந்தாவது தந்தி வாசிக்கிற தந்தியாக இருக்காது, சும்மா அதிர்ந்துகொண்டு தொல்லை கொடுக்கிற தந்தியாகத்தான் இருக்கும். பிறகு மாறிக்கொள்ளலாம்.

கடையில் உங்கள் முன்னால் எடுத்து வைப்பது அனேகமாக இரண்டு குடும்பத்தில் ஒன்றாக இருக்கும். லியோ ஃபென்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் வகை, நடுவில் இரண்டாக வெட்டி வைத்ததுபோல் ஒரே பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்), தடித்த ஒலி, குமிழைத் திருகிக் குழம்ப ஒன்றும் இல்லை. இன்னொன்று 1960-ல் வந்த ஜாஸ் பேஸ் வகை, இரண்டு பிக்கப், தலைப்பக்கம் தந்திகள் தாங்கி நிற்கும் நட் அருகே நெக் (கருவியின் கழுத்து) ஒல்லி, சின்னக் கைக்குச் சுகம். ஸ்குவையர், யமஹா, இபானெஸ் மூன்றிலும் தொடக்கநிலைக் கருவிகள் ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ இருக்கும், மூன்றில் எதை எடுத்தாலும் தப்பில்லை. தந்தி நீளம் வழக்கமாக 34 அங்குலம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ, தோள் வலிக்காரருக்கோ 30 அங்குலக் குட்டை பேஸ் வாங்குங்கள். அது பொம்மை இல்லை, அதிலேயே மேடையில் வாசிப்பவர்கள் உண்டு.

முத்தியாரா டாமன்சாராவில் பென்ட்லி மியூசிக் மாதிரிப் பெரிய கடைக்கு ஒரு நாள் போய் எல்லாவற்றையும் மடியில் வைத்துப் பாருங்கள். வாங்கிவிட்டுத்தான் வரவேண்டும் என்றில்லை. எது கையில் கனம் குறைவாக, நெக் தலை கீழே சாயாமல் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பாரத்தை எந்தச் செட்டப்பாலும் சரிசெய்ய முடியாது.

பழையது வாங்குவது நம் ஊரில் நல்ல யோசனை, முடா, காரவுசல், ஃபேஸ்புக் சந்தை எல்லாவற்றிலும் ஆசையாக வாங்கி மூன்று மாதத்தில் மூலையில் வைத்த பேஸ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் நம் ஈரக்காற்றும் வியர்வையும் இரும்பைச் சும்மா விடாது, அதனால் பார்க்க வேண்டியது பெயிண்டை இல்லை. உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் இருக்கும் சின்னத் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிட்டனவா என்று அல்லன் சாவி போட்டுத் திருப்பிப் பாருங்கள். தலைப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நெக்கை நீளவாக்கில் பாருங்கள், முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக (நெக்கின் குறுக்கே பதித்த கம்பி) அழுத்தி வாசியுங்கள், நேரமாகும், விற்பவர் பெருமூச்சு விடுவார், விடட்டும். குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் பரவாயில்லை, அது சுத்தம் செய்தால் போகும். நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடில், சாவி போடும் வாய் மழுங்கிப் போயிருந்தால் அது வேறு கதை.

ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் விற்கும் கடைகளில் ஆம்ப் மலிவாகக் கிடைக்கும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230, 240. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் செருகினால் ஒரே ஒரு முறை புகை வரும். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம், ஆனால் அந்த விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

செட்டப், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்

புதுக் கருவியாக இருந்தாலும் கடையிலிருந்து வரும்போது அது உங்களுக்காகச் சரிசெய்யப்பட்டிருக்காது. தொழிற்சாலையில் கட்டி, கப்பலில் வந்து, குளுகுளு கடையில் தொங்கி, அப்புறம் உங்கள் வீட்டு வெக்கைக்கு வரும்போது மரம் அசையத்தான் செய்யும். இடது கையால் முதல் ஃபிரெட்டில் தந்தியை அழுத்துங்கள், வலது கையால் நெக் உடலோடு சேரும் இடத்தில் அழுத்துங்கள், நடுவில் ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி, அதாவது 0.3 மில்லிமீட்டர் பக்கம், இருந்தால் நெக் சரியாக இருக்கிறது. நிறைய இடைவெளி என்றால் முன்னால் வளைந்திருக்கிறது, டிரஸ் ராடை வலப்பக்கம் இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் இடப்பக்கம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், திருப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். சாவி சரியாக உட்காரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், அங்குல அளவு சாவியும் மில்லிமீட்டர் சாவியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாற்றிப் போட்டால்தான் வாய் மழுங்குகிறது.

அடுத்து ஃபிரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம், ஆக்‌ஷன் என்பார்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே இ தந்தி இரண்டிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் வசதி. மூன்றரை, நாலு என்றிருந்தால் நீங்கள் வாசிக்கவில்லை, உடற்பயிற்சி செய்கிறீர்கள். இதையெல்லாம் சொந்தமாகச் செய்யப் பயமாக இருந்தால் கடையில் கொடுத்துவிடுங்கள், "பாஸ், ஆக்‌ஷன் கொஞ்சம் இறக்கிக் கொடுங்க, நான் மெதுவாத்தான் வாசிப்பேன்" என்று சொன்னால் போதும். அந்த இரண்டாவது பாதியைக் கட்டாயம் சொல்லுங்கள், ஓங்கி இழுப்பவருக்கும் மெதுவாக வாசிப்பவருக்கும் ஒரே உயரம் ஒத்துவராது.

தந்தி விஷயத்தில், சாதாரண நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது), தடிமன் 45-லிருந்து 105 வரையான செட் போதும். விரலுக்கு வழுவழுப்பாக, சத்தம் கொஞ்சம் மங்கலாக, பழைய பாட்டுக்கு ஏற்றதாக வேண்டுமென்றால் ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது), விலை கூட, ஆனால் வருஷக்கணக்கில் கிடக்கும். எதுவானாலும் வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் என்றால் கேபிளைப் பிடுங்கி வையுங்கள், செருகியிருக்கும் வரைக்கும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

வலது கை

கட்டைவிரலைப் பிக்கப்பின் மேல் வையுங்கள். சுட்டுவிரல், நடுவிரல், மாறி மாறி. விரல் தந்தியை மேலே தூக்கக் கூடாது, தந்தியைக் கடந்துபோய் அடுத்த தடித்த தந்தியின்மேல் சாய்ந்து நிற்க வேண்டும். அந்தச் சாய்வில்தான் பாதி அமைதி இருக்கிறது, விரல் போய் உட்கார்ந்த தந்தி தானாக வாயை மூடிக்கொள்ளும். மெல்லிய தந்தியிலிருந்து தடித்த தந்திக்கு இறங்கும்போது மட்டும் விரல் மாற்ற வேண்டாம், அதே விரல் வழுக்கி விழட்டும், அது சோம்பேறித்தனம் இல்லை, அதற்கு ரேக்கிங் என்று பெயரே இருக்கிறது. டி, ஜி தந்திகளுக்குப் போகும்போது கட்டைவிரலும் கூடவே இறங்கி இ தந்தியில் சாயட்டும், இல்லாவிட்டால் இ அடியில் முனகிக்கொண்டே இருக்கும்.

டெட்ராய்ட்டில் மோடவுன் இசை நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் சுட்டுவிரல் ஒன்றை மட்டுமே வைத்து அத்தனையும் வாசித்தார் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான். அவர் நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸிலிருந்து வந்தவர், அவர் விரல் வேறு. நீங்கள் இரண்டு விரலில் தொடங்குங்கள்.

மிக முக்கியமானது ஆம்ப். ஆம்பை ஏற்றுங்கள், விரலை இறக்குங்கள். பிளாட் வீட்டில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுவாரே என்றால் ஹெட்போன் போடுங்கள், வாக்ஸ் ஆம்பிளக் மாதிரிக் குட்டிப் பெட்டியை நேராகக் கருவியில் செருகலாம், இல்லையென்றால் ஹெட்போன் துளை உள்ள 25 வாட் ஆம்ப் ஒன்று. வீட்டுக்கு அது தாராளம். டிரம்ஸோடு வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் 100, 200 வாட் எல்லாம், அதுவும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஜாமிங் ஸ்டூடியோவில் ஏற்கெனவே இருக்கும். ஆம்ப் இல்லாமல் வெறும் கருவியில் பயிற்சி செய்தால் சத்தம் கேட்கவில்லை என்று விரல் தானாக ஓங்க ஆரம்பிக்கும், அந்தப் பழக்கம் போக நாளாகும்.

இடது கை

கட்டைவிரல் நெக்கின் பின்னால் நடுவிரலுக்கு நேராக. மணிக்கட்டு நேராக இருக்கட்டும், தொண்ணூறு டிகிரி மடங்கியிருந்தால் தோள்பட்டி நீளத்தைக் குறைத்துக் கருவியை மேலே தூக்குங்கள். இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு வாசிப்பது பார்க்க அழகுதான், மணிக்கட்டு சம்மதிக்காது. உட்கார்ந்து வாசிக்கும்போது எந்த உயரமோ நின்றாலும் அதே உயரம்.

விரல் ஃபிரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் விழ வேண்டும், இரண்டு கம்பிக்கு நடுவில் இல்லை. எவ்வளவு அழுத்துவது என்று தெரிய ஒரு சோதனை: தந்தியைத் தொட்டபடி வாசியுங்கள், "டொக்" என்று செத்த சத்தம் வரும், வாசித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள், சுரம் தெளிவாக வரும் அந்த இடம்தான் உங்களுக்குத் தேவையான அழுத்தம். அதற்கு மேலே எல்லாம் வீண் செலவு.

தலைப்பக்கம் ஃபிரெட்டுகள் அகலமாக இருக்கும், அங்கே நாலு விரலை நாலு ஃபிரெட்டில் விரித்து வைக்கச் சொல்லும் வீடியோக்களைக் கண்டுகொள்ளாதீர்கள். ஐந்தாவது ஃபிரெட்டுக்குக் கீழே சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல், இந்த மூன்றை வைத்து மூன்று ஃபிரெட்டைப் பிடியுங்கள், மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாகக் கூடவே இறங்கட்டும். டபுள் பேஸ்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் பிடிக்கிறார்கள். ஏழாவது ஃபிரெட் தாண்டினால் விரலுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நிறுத்துவது. அழுத்திய விரலைத் தந்தியிலிருந்து எடுக்காதீர்கள், அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள், தந்தி ஃபிரெட்டைவிட்டு எழும், சத்தம் நிற்கும். ஒரே விரலால் இப்படித் தொட்டால் ஐந்து, ஏழு, பன்னிரண்டாவது ஃபிரெட் பக்கம் "டிங்" என்று மணிச்சத்தம் கேட்கும், அங்கே இரண்டு விரல் படும்படி வையுங்கள். இதை வைத்து ஒரே ஒரு பயிற்சி: தட்டு எண்ணிக் கொடுக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வையுங்கள், ஒரு தட்டில் சுரத்தைத் தொடங்குங்கள், அடுத்த தட்டு விழும் அதே கணத்தில் நிறுத்துங்கள். பிறகு பாதித் தட்டில் நிறுத்துங்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் டிரம்மர் காலால் கிக் அடிக்கும்போது நீங்கள் தொடங்கி, குச்சியால் அடிக்கும் ஸ்நேர் விழும்போது நீங்கள் நிறுத்தினால் போதும், இரண்டே சுரம் தெரிந்த ஆளாக இருந்தாலும் குழு நிமிர்ந்துவிடும்.

கட்டையும் கீபோர்டும்

இது மேற்கத்திய முறையில் கற்றுக்கொண்டு வருகிறவர்களை நம் மேடையில் திணறடிக்கும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாடகர் வந்து "தம்பி, ரெண்டு கட்டை" என்பார், பாட்டின் ச எங்கே என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். ஆர்மோனியக் கணக்கு: ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எல்லாம் இடையில் வரும் கறுப்புக் கட்டைகள். மூன்றரை கிடையாது, இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பு இல்லை அல்லவா, அதே காரணம். கையில் வைத்துச் சொன்னால், ஏ தந்தியில் மூன்றாவது ஃபிரெட் ஒரு கட்டை, ஐந்தாவது ஃபிரெட் இரண்டு கட்டை, இ தந்தியை வெறுமனே விட்டால் மூன்று, அதே இ தந்தியில் முதல் ஃபிரெட் நாலு, மூன்றாவது ஃபிரெட் ஐந்து.

சரி, ச எங்கே என்று தெரிந்துவிட்டது, மற்றது ஒரே வடிவம்தான், எந்தக் கட்டைக்கும் மாறாது. ச-விலிருந்து அடுத்த மெல்லிய தந்தியில் இரண்டு ஃபிரெட் தள்ளினால் ப. அதற்கும் அடுத்த தந்தியில் அதே ஃபிரெட்டில் மேல் ச. ச-வுக்குப் பக்கத்துத் தடித்த தந்தியில் அதே ஃபிரெட்டில் கீழ் ப. இந்த நாலு இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும்போது புதுக் கார்டின் ச-வுக்குத் தாவினால், பஜனையிலிருந்து கல்யாண வரவேற்பு வரை ஒரு மாலையைத் தாராளமாக ஓட்டிவிடலாம்.

சிக்கல் கீபோர்டுகாரரிடம் இருக்கிறது. அவர் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு எல்லாப் பாட்டையும் சி-யில் வாசிப்பார், நீங்கள் "என்ன கார்டு?" என்று கேட்டால் கையைப் பார்த்து "சி" என்பார், ஆனால் வெளியே வருவது டி. உங்களிடம் அந்தப் பொத்தான் இல்லை. அதனால் கார்டைக் கேட்காதீர்கள், "டிரான்ஸ்போஸ் எவ்வளவுண்ணே?" என்று கேளுங்கள். பிளஸ் இரண்டு என்றால் அவர் சொல்லும் எல்லாவற்றையும் இரண்டு ஃபிரெட் ஏற்றி வாசியுங்கள். வெறும் தந்தியை நம்பி வாசிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், ஆரம்பத்திலிருந்தே அழுத்திய சுரங்களில் பழகுவது நல்லது.

தாளத்தில், நம் பாட்டுகளில் ஆறெட்டு நடை ஏராளம், குத்துப் பாட்டானாலும் கும்மியானாலும். "தகிட தகிட" என்று வாயால் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு "த"-விலும் ஒரு சுரம் வையுங்கள், முதல் "த" ச, இரண்டாவது "த" கீழ் ப. உறுமி எவ்வளவு வேகமாக உருண்டாலும் நீங்கள் அந்த இரண்டு "த"-வை விட்டு நகராதீர்கள்.

கேட்கும்போது போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது, நீங்கள் கேட்பது மேல் அதிர்வுகளை மட்டும். இயர்போன் போட்டு இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளைக் கேளுங்கள், அங்கே பேஸ் துணைக்கு வரவில்லை, தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகிறது. அதை உடனே வாசிக்க முயலாதீர்கள், முதலில் முணுமுணுக்க வருகிறதா பாருங்கள். ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் தேடிக் கேளுங்கள், எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மேடையில்

கோயில் திருவிழா, கூடாரம் போட்ட கல்யாணம், ஜெனரேட்டர் மின்சாரம், இந்த மூன்றும் சேர்ந்தால் "ஹூம்" என்று இரைச்சல் வரும். கருவிக்கும் மேடை ஒலி அமைப்புக்கும் நடுவில் செருகும் டி.ஐ. பாக்ஸ் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கும், பல சமயம் அதைத் தள்ளினாலே இரைச்சல் போய்விடும். ஆனால் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவதோ, மூன்று முள் சாக்கெட்டில் பேனாவை நுழைத்து இரண்டு முள் பிளக்கைத் திணிப்பதோ வேண்டாம். நம் வீடுகளில் அது சகஜம், தெரியும். ஒரு கை தந்தியில், உதடு மைக்கில் இருக்கும்போது எர்த் இல்லாவிட்டால் ஷாக் உங்கள் வழியாகத்தான் போகும்.

டபுள் பேஸ் ஆசை இருந்தால்

ஜாலான் மெசுயில் நோ பிளாக் டையில் ஜாஸ் கேட்டுவிட்டோ, கே.எல்.சி.சி.யில் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கத்துக்குப் போய் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் பேஸ் வரிசையைப் பார்த்துவிட்டோ இந்த ஆசை வரும். வரட்டும். தந்தி அதே இ, ஏ, டி, ஜி. ஆனால் தந்தி நீளம் 104, 105 சென்டிமீட்டர், ஃபிரெட் கிடையாது, ஆகவே பேஸ் கிட்டார் தெரியும் என்ற தைரியத்தில் சொந்தமாகத் தொடங்குவதை நான் சொல்லமாட்டேன். இதற்கு ஆசிரியர் வேண்டும், தோளும் முதுகும் சம்பந்தப்பட்ட விஷயம். முழு அளவு என்று தேடாதீர்கள், பெரியவர்கள் வாசிப்பதே முக்கால் அளவுதான். கீழே இருக்கும் கம்பியை இழுத்து, நட் உங்கள் புருவ உயரத்துக்கு வரும்படி வைத்துத் தொடங்குங்கள், ஆசிரியர் பிறகு மாற்றுவார். வில்லில் ஃபிரெஞ்சு, ஜெர்மன் என்று இரண்டு பிடி, ஆசிரியர் எதுவோ நீங்களும் அதுவே.

நம் ஊருக்கு ஒட்டுப்பலகையில் செய்ததை வாங்குங்கள். முழு மரத்தைச் செதுக்கிச் செய்தது ஒலியில் உசத்தி, ஆனால் பகலில் வெக்கை, ராத்திரி ஏர்கான் என்று மாறி மாறி வைத்தால் ஒட்டு பிரியும், சில நேரம் முகப்பே வெடிக்கும். ஏர்கான் காற்று நேராகப் படும் இடத்தில் எதையும் வைக்காதீர்கள். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நாலையும் ஒரேயடியாகக் கழற்றினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி விழுந்துவிடும், அதை நிறுத்த ஆள் தேட வேண்டும். வில்லில் தடவும் பேஸ் ரோசின் (பிசின்) மென்மையானது, பாப்ஸ் மாதிரி ரகங்கள் வெயிலில் நிறுத்திய காரில் உருகி வழிந்து பையெல்லாம் ஒட்டிக்கொள்ளும், வீட்டிலேயே நிமிர்த்தி வையுங்கள்.

வாங்கும் முன் வாடகைக்குக் கிடைக்குமா என்று ஆசிரியரிடமே கேளுங்கள். அப்படியே காரையும் அளந்துவிடுங்கள், கருவி நிமிர்ந்து நின்றால் கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். மைவி காரில் பேஸ் கிட்டார் பின் இருக்கையில் சுகமாகப் படுத்துக்கொள்ளும். டபுள் பேஸுக்கு முன் இருக்கையை முழுக்கச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும், அப்படியே இடம் இருந்தாலும் பாடகரைக் கூட்டிப் போக இன்னொரு கார் வேண்டியிருக்கும்.